அவுட்லுக் எக்ஸ்பிரஸில் கிடக்கும் வாப்பாவின் பழைய மெயில்கள்: தண்டர்பேர்டுக்கு மாறினால் போய்விடுமா?

கேள்வி, 2025 செப்டெம்பர் 5

வாப்பா மருதமுனையில் கைத்தறி வியாபாரம் செய்தவர். அவருடைய விண்டோஸ் எக்ஸ்பி கொம்பியூட்டரில், அவுட்லுக் எக்ஸ்பிரஸுக்குள் 2003 தொடக்கம் வந்த மெயில்கள் எல்லாம் கிடக்கின்றன. மெஷின் ஒரு நாள் ஓன் ஆகும், ஒரு நாள் ஆகாது. வாப்பாவுக்குப் பழைய கொழும்பு வாடிக்கையாளர் ஒருவரின் முகவரியும் பேசின விலைகளும் தேவைப்படுகிறது. புது லப்டொப்பில் காசு கொடுக்காத ஒரு மெயில் புரோகிராம் போட்டு, இதையெல்லாம் அதற்குள் கொண்டு வர ஏலுமா? கடையில் விசாரித்தேன், அவுட்லுக் வாங்கினால்தான் சரிவரும், இல்லாவிட்டால் பழசை விட்டுவிடுங்கள் என்கிறார்கள்.

செப்டெம்பர் 5, இரவு

ஏலும் தங்கச்சி. ஒரு சதமும் தேவையில்லை. தண்டர்பேர்ட் போடுங்கள், ஃபயர்ஃபொக்ஸ் தந்த மொஸில்லாவினுடையதுதான். முதல் பதிப்பு 2004 டிசம்பர் 7இல் வந்தது, இன்றைக்கும் புதுப் பதிப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. அவுட்லுக் வாங்கச் சொன்ன கடைக்காரரை நம்பிக் காசைக் கொட்டிவிடாதீர்கள். அவுட்லுக்கும் அவுட்லுக் எக்ஸ்பிரஸும் பெயரில்தான் சொந்தம், உள்ளே கோப்பு வகையே வேறு. அவுட்லுக் பிஎஸ்டி கோப்பில் வைக்கும், எக்ஸ்பிரஸ் டிபிஎக்ஸ் கோப்புகளில் வைக்கும். இப்போது கிடைக்கிற புதிய அவுட்லுக்கை வாங்கிப் போட்டாலும் அது உங்கள் வாப்பாவின் டிபிஎக்ஸைத் திறக்காது.

ஆனால் அதற்கெல்லாம் முதல் ஒரு காரியம். அந்த மெஷினை இனி ஓன் பண்ணவே வேண்டாம். ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றும் வேண்டாம். ஓன் ஆகுவதும் ஆகாததுமாக இருக்கிற டிஸ்க்குக்கு எத்தனை உயிர் மிச்சம் என்று யாருக்கும் தெரியாது. இன்னொன்று, எக்ஸ்பியின் இரண்டாவது சேர்விஸ் பேக்குக்குப் பிறகு அவுட்லுக் எக்ஸ்பிரஸை நூறு தடவை மூடினால், இடத்தைச் சுருக்கட்டுமா என்று அதுவாகவே கேட்கும். கேட்கிறதே என்று சம்மதித்து, அது நடக்கிற நேரம் கரண்ட் போனால் ஒரு போல்டர் முழுவதும் சிதையலாம். எங்கள் பக்கம் கரண்ட் போகிற விதம் உங்களுக்கும் தெரியும்.

செப்டெம்பர் 6

மெஷினை ஓன் பண்ணாமல் மெயிலை எடுக்க, டிஸ்க்கைக் கழற்றி லப்டொப்பில் செருக வேண்டும். அதை எப்படி வெளியே எடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். பயப்பட ஒன்றும் இல்லை, நட்சத்திர ஸ்க்ரூ டிரைவர் ஒன்று போதும். மருதமுனை, பாண்டிருப்பு போல கடற்கரை ஊர்களில் இருபது வருடம் நின்ற மெஷின் என்றால் பின் பக்க ஸ்க்ரூ நான்கும் உப்புக் காற்றில் துருப்பிடித்துத் தலை தேய்ந்திருக்கும். அதை மல்லுக்கட்டித் திருகாமல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, தேநீர் குடித்துவிட்டு வந்து திருகுங்கள். உள்ளே டிஸ்க்கில் இருந்து அகலமான சாம்பல் நிறப் பட்டை வயர் ஒன்று போகும். அது ஐடிஈ டிஸ்க். அதற்கு யுஎஸ்பி அடப்டர் கிடைக்கும், ஆனால் வாங்கும்போது தனியாகச் சுவரில் செருகுகிற பவர் பெட்டியும் அதோடு வருகிறதா என்று பாருங்கள். மேசைக் கணினியின் பெரிய டிஸ்க் யுஎஸ்பி கரண்டில் மட்டும் சுழலாது. வெறும் வயரை வாங்கிச் செருகிவிட்டு, டிஸ்க் செத்துவிட்டது என்று தூக்கி எறிந்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

லப்டொப்பில் டிஸ்க் தெரிந்ததும் உள்ளே போங்கள்: டொக்யுமென்ட்ஸ் அன்ட் செட்டிங்ஸ், வாப்பாவின் பெயர், லோக்கல் செட்டிங்ஸ், அப்ளிகேஷன் டேட்டா, ஐடென்டிட்டீஸ், பிறகு அடைப்புக்குறிக்குள் நீளமான எண்ணும் எழுத்துமாக ஒரு போல்டர், அதற்குள் மைக்ரோசொஃப்ட், அதற்குள் அவுட்லுக் எக்ஸ்பிரஸ். லோக்கல் செட்டிங்ஸ் மறைத்து வைக்கப்பட்ட போல்டர், ஆகவே மறைந்தவற்றைக் காட்டு என்கிற டிக்கைப் போட்டால்தான் கண்ணுக்குத் தெரியும். வாப்பாவின் பெயரைத் தொட்டதும் அனுமதி இல்லை என்று விண்டோஸ் சொல்லும், தொடரவா என்று கேட்கும், தொடருங்கள்.

அங்கே இருக்கிற டிபிஎக்ஸ் எல்லாவற்றையும், போல்டர்ஸ் டிபிஎக்ஸையும் சேர்த்து, அப்படியே லப்டொப்புக்குக் கொப்பி எடுங்கள். பிறகு அந்தக் கொப்பியில் இன்னொரு கொப்பி. பழைய டிஸ்க்கைக் கழற்றி, துணியில் சுற்றி அலுமாரிக்குள் வையுங்கள். இனி வேலை எல்லாம் இரண்டாவது கொப்பியில்தான். எந்தப் புரோகிராம் நல்லது என்ற கேள்வியை விட இதுதான் பெரிது, மூலம் பத்திரமாக இருந்தால் எத்தனை தடவை பிழைத்தாலும் மறுபடி தொடங்கலாம்.

செப்டெம்பர் 6, கொஞ்சம் பிந்தி

சீடியில் எழுதி வைத்த பழைய கொப்பியும் இருக்கிறது என்கிறீர்கள். நல்லது, ஆனால் சீடியில் இருந்து எடுத்த கோப்புகளில் வாசிக்க மட்டும் என்கிற அடையாளம் ஒட்டிக்கொண்டு வரும். அதை ப்ரொபர்ட்டீஸில் போய் எடுத்துவிடாமல் திரும்ப எக்ஸ்பிரஸுக்குள் ஏற்றப் பார்த்தால் அது திறக்க மறுக்கும்.

செப்டெம்பர் 9

ஏறாவூர்த் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார்: இவ்வளவு கரைச்சல் எதற்கு, எல்லாவற்றையும் ஜிமெயிலுக்குள் தள்ளிவிட்டால் முடிந்ததே என்று.

தள்ளலாம் தம்பி, நானும் சிலருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். தண்டர்பேர்டில் ஜிமெயிலை ஐமப் கணக்காகச் சேர்த்து, பழைய மெயில்களை இழுத்து அதன் போல்டரில் விட்டால் மேலே ஏறும், ஃபோனிலும் பார்க்கலாம். ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க என்னால் ஏலாது. இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி, அதையும் உங்கள் ஃபோன் படங்களோடு பங்கு போட வேண்டும். இரண்டு வருடம் திறக்காத கணக்கை அழிக்கலாம் என்ற விதி 2023 டிசம்பரில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. ஐமப் என்பது இரண்டு பக்கமும் ஒன்றுபோல வைக்கிற ஏற்பாடு, ஃபோனில் சின்னப் பிள்ளை ஒன்று அழித்தால் கணினியிலும் அழியும். யாஹு குரூப்ஸ் நினைவிருக்கிறதா? புலம்பெயர்ந்த எங்கள் ஆட்கள் ஊர்ச்சங்கம், பழைய மாணவர் சங்கம் என்று எத்தனை குழு அதில் வைத்திருந்தார்கள், எத்தனை வருடத்து விவாதம்! 2019இல் பழைய செய்திகளைத் தளத்தில் இருந்து எடுத்தார்கள், 2020 டிசம்பர் 15இல் கதவையே மூடினார்கள். தங்கள் கணினியில் மெயிலாக இறக்கி வைத்திருந்தவர்களிடம் மட்டும் அது இன்றைக்கும் இருக்கிறது.

ஆகவே ஜிமெயிலில் ஒரு பிரதி இருக்கட்டும். முதல் பிரதி வீட்டில் இருக்க வேண்டும், அதுவும் எந்தப் புரோகிராமும் வாசிக்கக்கூடிய வடிவில்.

செப்டெம்பர் 13

சரி, மாற்றுகிற வேலைக்கு வருவோம். டிபிஎக்ஸை உடைத்து, ஒரு மெயிலுக்கு ஒரு கோப்பு என்று தனித்தனி ஈஎம்எல் கோப்புகளாக எடுக்க அன்டிபிஎக்ஸ் என்று ஒரு சின்ன இலவசக் கருவி இருக்கிறது. சேதமான டிபிஎக்ஸில் இருந்து கிடைத்ததை எடுக்க அதில் தனி மீட்பு முறையும் உண்டு. பழைய மெஷின் நன்றாக ஓடுகிறவர்கள் கருவி எதுவும் இல்லாமலே செய்யலாம்: டெஸ்க்டொப்பில் ஒரு வெறும் போல்டரைத் திறந்து வைத்து, எக்ஸ்பிரஸில் மெயில்கள் எல்லாவற்றையும் தெரிவு செய்து அதற்குள் இழுத்து விட்டால் ஒவ்வொன்றும் ஈஎம்எல் ஆக விழும்.

மறுகா தண்டர்பேர்டைத் திறந்து, அட்-ஒன் (கூடுதல் வசதி சேர்க்கிற சின்னப் புரோகிராம்) பக்கத்தில் இம்போர்ட் எக்ஸ்போர்ட் டூல்ஸ் என்ஜி என்பதைத் தேடிச் சேருங்கள். லோக்கல் போல்டர்ஸின் கீழே வாப்பா என்று ஒரு போல்டர் உண்டாக்கி, அதன் மேல் வலது க்ளிக் செய்து, ஒரு டைரக்டரியில் உள்ள எல்லா மெயிலையும், உள் போல்டர்களோடு சேர்த்து ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றி முடிந்ததும் ஒரு பக்கம் ஈஎம்எல் எத்தனை, மறு பக்கம் மெயில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை ஒத்துவராமல் அடுத்த போல்டருக்குப் போகவே வேண்டாம்.

பழைய மெயிலைத் திறந்து தரும் என்று காசுக்கு விற்கிற கன்வேர்ட்டர்களை வாங்க வேண்டாம். பாண்டிருப்பில் ஒருவருக்கு நடந்தது, பெயர் சொல்ல விருப்பமில்லை: இலவச மாதிரி என்று இறக்கினார், ஒவ்வொரு போல்டரிலும் கொஞ்ச மெயிலை மட்டும் மாற்றித் தந்துவிட்டு, மிச்சத்துக்கு டொலரில் காசு கேட்டது. கட்டினார். தமிழ் மெயில் அத்தனையும் கேள்விக்குறிகளாக வந்தன.

செப்டெம்பர் 14

தண்டர்பேர்ட் மெயிலை எங்கே வைக்கிறது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், அதைத் தெரிந்தவருக்கு அடுத்த முறை மாறுவது பத்து நிமிட வேலை. ஹெல்ப் மெனுவில் ட்ரபிள்ஷூட்டிங் பக்கத்துக்குப் போனால் ப்ரொஃபைல் போல்டரைத் திற என்று ஒரு பொத்தான் இருக்கும். உள்ளே மெயில் என்கிற போல்டர், அதற்குள் லோக்கல் போல்டர்ஸ். அங்கே உங்கள் ஒவ்வொரு போல்டருக்கும் பின்னொட்டு இல்லாத ஒரு கோப்பும், எம்எஸ்எஃப் என்று முடிகிற ஒரு கோப்பும் இருக்கும். பின்னொட்டு இல்லாததுதான் சரக்கு. உங்கள் வீட்டுத் தறியில் வெட்டாமல் இறங்குகிற நீளத்துணி மாதிரி, ஒரு மெயில் முடிகிற இடத்தில் அடுத்தது தொடங்கி, எல்லாம் ஒரே கோப்பாக இருக்கும். எம்பொக்ஸ் என்பார்கள். எம்எஸ்எஃப் வெறும் அட்டவணைதான், அது பழுதானால் தண்டர்பேர்டை மூடிவிட்டு அதை அழியுங்கள், திரும்பத் திறக்கும்போது அதுவாக உண்டாக்கிக்கொள்ளும். எம்பொக்ஸை நோட்பேடில் கூடத் திறந்து வாசிக்கலாம். தண்டர்பேர்ட் நாளைக்கு இல்லாமல் போனாலும் உங்கள் மெயில் இருக்கும் என்று நான் துணிந்து சொல்வதற்குக் காரணம் அதுதான்.

அழித்த மெயில்கள் அந்தக் கோப்புக்குள் கொம்பக்ட் செய்யும் (இடத்தைச் சுருக்கும்) வரைக்கும் கிடக்கும் என்பதையும் சொல்லி வைக்கிறேன். தவறுதலாக அழித்துவிட்டால் உடனே புரோகிராமை மூடிவிட்டு, எதையும் செய்ய முதல் அந்தக் கோப்பைக் கொப்பி எடுங்கள்.

செப்டெம்பர் 17

அக்கரைப்பற்றில் இருந்து ஒருவர் கேட்டது மற்றவர்களுக்கும் உதவும். பழைய அலுவலக மெயில்களை ஏற்றினாராம், அடுத்த நாள் இன்பொக்ஸே காணவில்லை.

இது வைரஸ் காவலின் வேலை. 2003, 2004 காலத்து மெயில் என்றால் சோபிக், மைடூம் போன்ற வைரஸ் இணைப்புகள் உள்ளே கட்டாயம் கிடக்கும், அந்த நேரம் எல்லாருக்கும் வந்தது. எல்லா மெயிலும் ஒரே கோப்பில் இருக்கிறபடியால், ஒரு மெயிலில் வைரஸைக் கண்டதும் காவல் புரோகிராம் முழுக் கோப்பையும் தூக்கித் தடுப்புக்குள் போட்டுவிடும். முதலில் குவாரன்டீன் பட்டியலில் போய் அதைத் திருப்பி எடுங்கள். பிறகு ஈஎம்எல்களாக இருக்கிற போல்டரை ஸ்கேன் பண்ணி, பிடிபடுகிற கோப்புகளை மட்டும் நீக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். தனித்தனிக் கோப்பாக இருக்கும்போது ஒன்றுதான் போகும், மற்றவை தப்பும். யாருமே இந்த ஒழுங்கில் செய்வதில்லை, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்: ஸ்கேன் முதல், ஏற்றுவது பிறகு.

செப்டெம்பர் 21

தங்கச்சி அனுப்பின ஸ்க்ரீன்ஷொட்டைப் பார்த்தேன். தலைப்பு ஆங்கிலத்தில் சரியாக இருக்கிறது, உள்ளே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் சேர்ந்த ஏதோ ஒன்று. பழுதாகவில்லை, சந்தோசப்படுங்கள், அது பாமினி என்கிற பழைய தமிழ் எழுத்துரு! அந்தக் காலத்தில் இலங்கையில் தமிழ் டைப் பண்ணின பாதிப் பேர் பாமினிதான். அதில் கணினி சேமிப்பது ஆங்கில எழுத்தைத்தான், எழுத்துருதான் அதைத் தமிழாகக் காட்டும். ஆகவே பாமினி எழுத்துருவை லப்டொப்பில் போடுங்கள். தண்டர்பேர்ட் செட்டிங்ஸில் எழுத்துரு பகுதியில், மெயில்கள் தங்கள் சொந்த எழுத்துருவைப் பாவிக்கலாம் என்கிற டிக் இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்துருவின் பெயரோடு வந்த மெயில்கள் உடனே தமிழாகத் தெரியும். வெறும் எழுத்தாக வந்தவற்றை மட்டும் கொப்பி செய்து, இணையத்தில் இருக்கிற பாமினி-யுனிகோட் மாற்றியில் போட்டு வாசிக்க வேண்டும்.

தேடும்போது ஒரு உபாயம். தமிழில் மருதமுனை என்று தேடினால் இந்த மெயில்கள் அகப்படாது, ஏனென்றால் உள்ளே இருப்பது தமிழ் எழுத்து இல்லை. உங்கள் வாப்பாவுக்குப் பாமினி விசைப்பலகை பழக்கம் என்றால், விசைப்பலகையை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு அந்தக் காலத்தில் டைப் பண்ணின அதே விரல்களில் தேடல் பெட்டிக்குள் மருதமுனை என்று டைப் பண்ணச் சொல்லுங்கள். பெட்டியில் ஆங்கிலம்தான் விழும், விழட்டும், கண்டுபிடித்துத் தரும்.

செப்டெம்பர் 23

ஓம், கண்டுபிடித்தது என்று தங்கச்சி எழுதியிருக்கிறார். வாப்பாவே கதிரையை இழுத்துப் போட்டு டைப் பண்ணினாராம், விரல் மறக்கவில்லையாம். எனக்கும் பெரிய சந்தோசம்.

ஒக்டோபர் 4

இன்பொக்ஸ் வந்துவிட்டது, போதும், சென்ட் ஐட்டம்ஸ் டிபிஎக்ஸ் பழுதாக இருக்கிறது, விட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

விடவே வேண்டாம். எனக்கு எப்போதும் இதில்தான் மனம் பொறுக்காது. மெயில் மாற்றித் தரச் சொல்லி வருகிறவர்கள் எல்லாரும் வந்த மெயிலைத்தான் நினைக்கிறார்கள். வந்ததில் பாதி விளம்பரம், பாதி மற்றவர்களின் பேச்சு. உங்கள் வாப்பா எழுதினது அனுப்பினதில்தானே இருக்கிறது! என்ன விலை சொன்னார், எந்த நிற நூலில் எத்தனை சாரம் தருவதாக ஒத்துக்கொண்டார், எந்தத் திகதிக்குத் தருவதாகச் சொன்னார், எல்லாம் அங்கேதான். 2004 டிசம்பர் கடைசி வாரத்து மெயில்களைப் பார்த்ததாகச் சொன்னீர்கள், கொழும்பில் இருந்து நீங்கள் சுகமா, பிள்ளைகள் சுகமா, தறிகள் என்னவாயிற்று என்று ஆட்கள் கேட்டிருந்த மெயில்கள். சுனாமியில் மருதமுனை பட்ட பாட்டை நான் சொல்லத் தேவையில்லை. அந்தக் கேள்விகள் இன்பொக்ஸில் இருக்கின்றன. வாப்பா சொன்ன பதில் சென்ட் ஐட்டம்ஸில். கேள்வியை வைத்துக்கொண்டு பதிலை விட்டுவிடுவதா?

அன்டிபிஎக்ஸின் மீட்பு முறையில் அந்தக் கோப்பைப் போடுங்கள். பாதி மெயில் தலைப்பில்லாமல் வரும், சிலது நடுவில் அறுந்து வரும், அழித்தவையும் கலந்து வரும். எல்லாவற்றையும் ஏற்றுங்கள், வெட்டிக் கொட்டுவதைப் பிறகு ஆறுதலாகப் பார்க்கலாம். அந்தப் பழைய சீடியையும் மறக்க வேண்டாம், அதில் உள்ள சென்ட் ஐட்டம்ஸ் நல்லதாக இருக்கலாம்.

ஒக்டோபர் 5

திகதி எல்லாம் இன்றைய திகதியாகக் காட்டுகிறது என்ற பயத்துக்குப் பதில்: பட்டியலின் தலையில் டேட் என்றும் ரிசீவ்ட் என்றும் இரண்டு நிரல் உண்டு. ஏற்றின மெயிலுக்கு ரிசீவ்ட் நிரல் ஏற்றின நாளைக் காட்டக்கூடும். டேட் நிரலை வைத்து அடுக்குங்கள், மெயிலுக்குள் எழுதியிருக்கிற பழைய திகதி அப்படியே இருக்கும்.

ஒக்டோபர் 15

விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் தந்த ஆதரவு நேற்று 14ஆம் திகதியோடு முடிந்தது, அதனால் மெஷின் மாற்றுகிறவர்கள் நிறையப் பேர் கேட்கிறார்கள். விண்டோஸ் லைவ் மெயில் வைத்திருக்கிறவர்களுக்கு வேலை குறைவு, அதன் ஆதரவு 2017 ஜனவரியிலேயே முடிந்துவிட்டாலும் மெயில்களை ஈஎம்எல் ஆகவே போல்டர்களில் வைத்திருக்கும், அப்படியே அட்-ஒன் வழியாக ஏற்றலாம். உண்மையான அவுட்லுக்கில் பிஎஸ்டி வைத்திருக்கிறவர்கள் அந்தப் பழைய அவுட்லுக்கை அழிக்க முதல் அதே மெஷினில் தண்டர்பேர்டைப் போட்டு இறக்குமதி செய்யுங்கள், அவுட்லுக் பக்கத்தில் இருந்தால்தான் தண்டர்பேர்டால் அதை வாசிக்க முடியும். அவுட்லுக் இல்லாமல் பிஎஸ்டி மட்டும் கையில் இருந்தால் லினக்ஸில் ரீட்பிஎஸ்டி என்ற கருவி அதை எம்பொக்ஸாக மாற்றித் தரும்.

விண்டோஸோடு வருகிற புதிய அவுட்லுக்கும் இலவசம்தானே என்று வாழைச்சேனை சேர் கேட்டிருக்கிறார். இலவசம்தான் சேர், விளம்பரம் காட்டும். ஜிமெயில் கணக்கை அதில் சேர்த்தால் உங்கள் மெயில்களின் பிரதி மைக்ரோசொஃப்டின் க்ளவுடுக்கும் போகும், சேர்க்கும்போது அவர்களே அதைத் திரையில் சொல்கிறார்கள். எனக்கு அது விருப்பமில்லை.

ஒக்டோபர் 19

பென் டிரைவில் ப்ரொஃபைலைக் கொப்பி எடுக்கும்போது இடம் இருந்தும் கோப்பு பெரிது என்று சொல்கிறதா? பென் டிரைவ் ஃபாட்32 வடிவில் இருக்கிறது, அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரு கோப்பு ஏறாது. எக்ஸ்ஃபாட்டில் ஃபோர்மட் பண்ணுங்கள், உள்ளே இருப்பதை முதல் வேறு இடத்துக்கு எடுத்துவிட்டு.

நவம்பர் 2

மீட்பு முறையில் சென்ட் ஐட்டம்ஸின் பெரும்பகுதி வந்ததாம், மிச்சம் சீடியில் இருந்ததாம். இரண்டும் சேர்ந்ததில் ஒரே மெயில் இரண்டு தடவை நிற்கிறது என்றால், நகல்களை நீக்குகிற அட்-ஒன்கள் தண்டர்பேர்டுக்கு உண்டு. நீக்க முதல் கொப்பி எடுங்கள் என்று இனிச் சொல்லத் தேவையில்லை.

இனி வரப்போகிற மெயிலுக்கு: வாப்பாவின் ஜிமெயிலைச் சேர்க்கும்போது ஐமப் என்று தெரிவு செய்யுங்கள். கூகுளின் உள்நுழைவுப் பக்கம் தனியாகத் திறக்கும், பாஸ்வேர்டை அங்கே கொடுக்க வேண்டும். பழைய புரோகிராம்களில் வெறும் பாஸ்வேர்டைக் கொடுத்து உள்ளே போகிற வழியைக் கூகுள் 2022இல் மூடத் தொடங்கியது, எக்ஸ்பிரஸில் வாப்பாவுக்கு மெயில் வராமல் நின்றதற்கும் அது ஒரு காரணமாக இருக்கலாம். பொப் (மெயிலைச் சேர்வரில் இருந்து கணினிக்கு இறக்கி வைக்கிற முறை) கணக்காகச் சேர்க்கிறவர்கள் சேர்வரில் விட்டுவை என்கிற இடத்தில் 14 நாள் என்ற டிக் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள், அதை எடுக்காவிட்டால் இரண்டு கிழமையில் சேர்வரில் இருப்பது அழியும். முதல் தடவை எல்லாம் இறங்க டேட்டா நிறையப் போகும், இரவு டேட்டா உள்ள பக்கேஜ் என்றால் படுக்கப் போகும்போது விட்டுவிடுங்கள். வாப்பாவுக்கு எழுத்துச் சிறிதாக இருந்தால் கொன்ட்ரோலை அழுத்திக்கொண்டு பிளஸைத் தட்டச் சொல்லுங்கள்.

நவம்பர் 8

ஃபோனுக்கும் தண்டர்பேர்ட் இருக்கிறதா என்று கேட்டவருக்கு: அன்ட்ரொய்டுக்கு 2024 ஒக்டோபரில் வந்தது, முன்பு கே-9 மெயில் என்று இருந்ததன் மேல் கட்டினது. ஆனால் கணினியில் லோக்கல் போல்டர்ஸில் இருக்கிற பழைய மெயில் ஃபோனில் தெரியாது. வாப்பா ஃபோனிலும் பார்க்க ஆசைப்பட்டால், அந்தக் கொழும்பு வாடிக்கையாளரின் மெயில்களை மட்டும் ஒரு போல்டராக்கி ஜிமெயிலுக்கு இழுத்து விடுங்கள். இழுக்கும்போது மூவ் இல்லை, கொப்பி.